இந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டீர்கள்? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

கடைமடை
ஜூன் 13, இரவு 9.40

நேற்று மேட்டூரில் தண்ணீர் திறந்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகள் எட்டாம் வகுப்பு, பிறந்து வளர்ந்தது எல்லாம் கோயம்புத்தூர். நான் இங்கே எழுதும் பெயரைப் போனில் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைமடைன்னா என்னப்பா?" என்று கேட்டாள். விளக்கினேன். "அதை எதுக்கு உன் பேரா வெச்சே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தப் பெயரில் எழுதுகிறேன். ஏன் வைத்தேன் என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

வைத்த கதை சின்னதுதான். 2008, திருவல்லிக்கேணி மேன்சன். கீழே ஒரு பிரவுசிங் சென்டர். பதிவு செய்யப் போனால் என் பெயரை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். இனிஷியல் சேர்த்தேன், அதுவும் போயிருந்தது. பின்னால் எண் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. அன்று மதியம்தான் அப்பா போனில், "தண்ணி இன்னும் கடைமடைக்கு வரலடா" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் காதில் இருந்தது, அடித்தேன். அதை யாரும் எடுத்திருக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு வந்து, கல்லணை வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாற்றில் விட்டதில் ஒரு பங்கு தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்குப் போய்விடும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு, ஆறு மூன்றாகப் பிரியும் இடம். அங்கே கோரையாறும் பாமணியாறும் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் வெண்ணாறு. அதுவும் கிளை கிளையாகப் பிரிந்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று இளைத்து, தலைஞாயிறு பக்கம் எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது முழங்கால் அளவு இருந்தால் பெரிது. எங்களுக்குக் கீழே கடல்தான். அதுதான் கடைமடை. தண்ணீர் குறைவான வருஷத்தில் முதலில் காய்வதும் நாங்கள், மழை வருஷத்தில் மேலே வடிந்ததெல்லாம் வந்து முதலில் மூழ்குவதும் நாங்கள். கோடையில் உப்புத் தண்ணீர் ஏறி வரும். ஜூனில் தண்ணீர் வந்ததும் போடுகிற குறுகிய கால நெல், குறுவை என்பதே எங்களுக்குப் பல வருஷம் கேள்விப்படுகிற சங்கதிதான். அதற்குப் பின் வரும் சம்பா நெல்லுக்கும் நாற்று விட்டுக் காத்திருக்க முடியாமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுவோம்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் சொல்லிய சொல், அவர் நிலத்தின் சொல், அதனால் வைத்தேன் என்றுதான் மகளிடம் கடைசியில் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இங்கே டெல்டாக்காரர்கள் நிறையப் பேர் புனைபெயரில் இருக்கிறீர்கள். ஆறு, வாய்க்கால், பயிர் என்றுதான் பெரும்பாலும் பெயர்கள். வைத்தபோது என்ன நினைத்தீர்கள்? இப்போது அந்தப் பெயர் உங்களுக்கு என்னவாக இருக்கிறது? நேரம் எடுத்துக்கொண்டு விரிவாகவே எழுதுங்கள்.

அரசலாறு
ஜூன் 14, காலை 6.15

கடைமடைத் தம்பிக்கு, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணம், ஓய்வு பெற்ற தமிழாசிரியை.

எங்கள் ஊரில் புனைபெயருக்கு ஒரு பரம்பரையே உண்டு. கு.ப.ராஜகோபாலன் (1902–1944) 'கரிச்சான்' என்ற பெயரிலும் எழுதினார். அவர் மேல் வைத்த பற்றினால் ஆர்.நாராயணசாமி (1919–1992) தன்னைக் 'கரிச்சான் குஞ்சு' என்று வைத்துக்கொண்டார். இன்று நாராயணசாமி என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? கரிச்சானை டெல்டாவில் பார்க்காதவர் இருக்க முடியாது. ரெட்டைவால் குருவி. கரன்ட் கம்பியில் உட்காரும், மாட்டு முதுகில் உட்காரும், தன்னைவிடப் பெரிய காக்கையைத் துரத்தும். விடிவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிடும். பூச்சி பிடிக்கட்டும் என்று வயலில் குச்சி நட்டு வைப்போமே, அதில் வந்து உட்காருவதும் அதுதான். ஒருவர் தன்னை அந்தப் பறவை என்கிறார், இன்னொருவர் நான் அதன் குஞ்சு என்கிறார். நாமெல்லாம் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அவர் தான் மதித்த எழுத்தாளரின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டார். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கம்மும்.

என் பெயருக்கு வருகிறேன். கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. ஆடிப்பெருக்கன்று காப்பரிசி, காதோலை கருகமணி எடுத்துக்கொண்டு காவிரிப் படித்துறைக்குத்தான் கூட்டம் போகும். எங்கள் வீட்டுக்குப் பக்கம் அரசலாறு. நீச்சல் பழகியது அதில், துணி துவைத்தது அதில், பரீட்சைக்கு உருப்போட்டது அதன் படியில். 2011-இல் பெயர் கேட்டபோது யோசிக்காமல் கொடுத்தேன். பக்கத்து ஆறு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போன வருஷம் என் அக்கா மகன் கேட்டான்: "சித்தி, அம்மா பேரு காவேரி, அதனாலதான் நீங்க அரசலாறுன்னு வெச்சீங்களா?"

சத்தியமாக எனக்கு அது தோன்றியதே இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்காவைத்தான் பாடச் சொல்வார்கள். காவேரி தங்கச்சி என்பதுதான் தெருவில் என் பெயர். அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, ஐம்பது வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அரசலாறு காவிரியிலிருந்து பிரிந்து, தனி வழியில் போய், காரைக்காலில் தானாகக் கடல் சேருகிற ஆறு. பிரிந்தாலும் தண்ணீர் காவிரியுடையது. எனக்கு டீச்சர் டிரெய்னிங் பீஸ் கட்டியது அக்காதான், தன் வளையலை அடகு வைத்து. இரண்டும் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கிறது. மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினேன். பெயரைப் பற்றிப் பேசவில்லை, சும்மா பேசினேன்.

ஓடம்போக்கி
ஜூன் 14, காலை 11.02

அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நான் திருவாரூர். என்னுடையதும் ஆற்றுப் பெயர்தான், ஊருக்குள் ஓடுகிற ஓடம்போக்கி ஆறு. ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர் கொடுக்க முடிந்த காலத்தில் இதை 'உடம்பு போக்கி' என்றெல்லாம் படித்தவர்கள் உண்டு. ஒருநாள் ஒரு தமிழ்ப் பேராசிரியர் எனக்கு எழுதினார்: "ஓரம்போகியார் என்பது சரி, உங்கள் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது." அவர் சங்கப் புலவரைச் சொல்கிறார், நான் எங்கள் ஆற்றைச் சொல்கிறேன். விளக்கிப் பதில் போட்டேன், மன்னிப்புக் கேட்டார். ஆனால் யார் அந்த ஓரம்போகியார் என்று எனக்குத் தெரியவில்லையே என்று உறுத்தியது. நான் படித்தது மெக்கானிக்கல்.

தேடிப் பார்த்தால் ஐங்குறுநூற்றில் மருதத் திணைப் பாட்டு நூறும் அவர் பாடியது. மருதம் என்றால் வயல். அதில் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி. கள்வன் என்றால் நண்டு. பத்துப் பாட்டிலும் நண்டு வருகிறது. விதைத்த வெண்முளையை நண்டு அறுக்கிறது, நெற்கதிரைத் தூக்கிக்கொண்டு மண் வளைக்குள் போகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பள்ளி விட்டு வந்தால் அப்பா என்னை வரப்புக்கு அனுப்புவார், நண்டு வளை அடைக்க. ஒரு வளையை விட்டுவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டின தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். காலால் மிதித்து, களிமண் உருட்டித் திணிக்க வேண்டும். அந்த வேலையை அவ்வளவு வெறுத்தேன். படித்து வெளியே போக வேண்டும் என்று நான் முடிவு செய்ததே ஒரு நண்டு வளைக்குப் பக்கத்தில்தான்.

ஒருவர் தப்பாகப் படித்ததால் நான் என் வரப்புக்கே திரும்ப வந்தேன். இப்போது அந்த நூறு பாட்டையும் வரிசையாகப் படித்துவருகிறேன். எருமைப் பத்தில் இருக்கிறேன்.

அரசலாறு
ஜூன் 14, மதியம் 12.30

ஓடம்போக்கி, மிகவும் மகிழ்ச்சி. சங்கத்துக்கே போய்விட்டீர்கள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். குறுந்தொகையில் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், மீனெறி தூண்டிலார் என்று பெயர்கள் வரும். பெற்றோர் வைத்த பெயர் தெரியாமல் போய், பாட்டில் அவர்கள் எழுதிய ஒரு தொடரே பெயராக நின்றுவிட்டது. நாம் பெயரை வைத்துக்கொண்டு அப்புறம் எழுதுகிறோம், அவர்களுக்கு எழுதிய பிறகு பெயர் வந்தது. முற்றத்தில் அணில் ஓடுகிற வெறிச்சோடிய வீட்டைச் சொன்னவருக்கு அந்த வீடே பெயர். வேறு எதுவும் மிஞ்சவில்லை, அது மட்டும் மிஞ்சியது.

முடவன்முழுக்கு
ஜூன் 15, இரவு 10.20

நான் மயிலாடுதுறை. பெயரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு, மாற்றச் சொன்னவர்களும் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம் எங்கள் ஊரில் துலாக் கட்டத்தில் காவிரி நீராடுவார்கள். மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. கால் ஊனமான ஒருவர் வெகு தூரத்திலிருந்து வந்தார், ஐப்பசிக்குள் வந்துசேர முடியவில்லை, அவருக்காக இறைவன் இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொடுத்தார் என்பது கதை.

எனக்கு இடது காலில் போலியோ. பள்ளியில் என்னைக் கூப்பிட்ட பெயர் எது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றும் வேறு யாராவது அந்த வார்த்தையை என்னை நோக்கிச் சொன்னால் உடம்பு நடுங்கும். பாட்டி அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை ஒன்றாம் தேதி ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போவார். "ஊரே ஒரு நாளுக்கு அவன் பேரை வெச்சிருக்கு பாரு" என்பார். பெயர் கேட்டபோது அந்த நாளின் பெயரைக் கொடுத்தேன். தைரியத்தைக் காட்டத்தான் வைத்தேன் என்று அப்போது நினைத்தேன்.

34 வயதில் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்தேன். ரிசல்ட் வந்த அன்று அம்மா சொன்னது: "கார்த்திகை ஒண்ணாந்தேதி வந்துட்டடா." அன்றுதான் அந்தப் பெயர் காலைப் பற்றியது மட்டும் இல்லை என்று புரிந்தது. அந்தக் கதையில் அவரை யாரும் தாமதமாக வந்தாய் என்று திருப்பி அனுப்பவில்லை.

நாற்றங்கால்
ஜூன் 16, மதியம் 3.45

இந்த இழையில் எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். என் கதை அவ்வளவு அழகு இல்லை, ஆனால் இதுவும் இங்கே இருக்க வேண்டும்.

நான் முதலில் சொந்தப் பெயரில், போட்டோவோடு எழுதினேன். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதால் எங்கள் பக்கம் போர் தண்ணீர் கீழே போய்விட்டதைப் பற்றி ஒரு கட்டுரை. இரண்டாம் நாள் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் வந்தது. நாலாம் நாள் இரண்டு பேர் பைக்கில் எங்கள் தெருவில் வந்து, என் பெயரைச் சொல்லி வீடு கேட்டார்கள். அப்பா அன்றிலிருந்து வாசல் லைட்டை அணைப்பதில்லை. எழுதுவதை நிறுத்து என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெயரை மட்டும் மாற்றிக்கொள் என்றார்கள். தைரியமில்லாதவர்கள்தான் புனைபெயரில் எழுதுவார்கள் என்று சொல்கிறவர்களின் தெருவில் யாரும் பைக்கில் வந்து விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஏன் நாற்றங்கால்? எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் நாற்றங்கால் போடுவோம். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். ஆனால் முழு ஏக்கருக்கும் இல்லாத காவல் அந்த எட்டு சென்ட்டுக்கு உண்டு. ஆடு மாடு நுழையாமல் சுற்றி முள் அடைப்போம். விதைத்த முதல் வாரம் குருவி விரட்ட ஆள் நிற்கும். முள்ளுக்குள் இருக்கும் இடம் என்றுதான் அந்தப் பெயரை எடுத்தேன்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. புதிதாக எழுத நினைக்கும் பெண்கள் எனக்குத் தனியாக அனுப்பத் தொடங்கினார்கள், வெளியில் போடலாமா, இந்த வரி இருக்கலாமா என்று. படித்துச் சொல்வேன். ஒரு மாதம் போல என்னிடம் இருக்கும், அப்புறம் அவர்கள் பெயரில் போடுவார்கள். இதுவரை பதினொரு பேர். அதில் ஒருவர் கேட்டார், "அக்கா, தெரிஞ்சுதான் இந்தப் பேரு வெச்சீங்களா?" நாற்றங்காலில் நாற்று இருப்பதும் இருபத்தைந்து முப்பது நாள்தான்.

குறுவைக்காரன்
ஜூன் 16, மாலை 5.10

சகோதரி, அருமையான பெயர். பெண் என்பவளே நாற்றுதானே. ஒரு வீட்டில் முளைத்து, பறித்து, இன்னொரு வீட்டில் நடப்படுகிறாள். எவ்வளவு பொருத்தம்!

நாற்றங்கால்
ஜூன் 16, மாலை 6.00

அண்ணன் அன்பாகச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இதைக் கல்யாண வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாற்றை யார் பறித்தாலும் அது கேட்காது, எங்கே நட்டாலும் வேர் பிடிக்க வேண்டும். நான் நாற்று இல்லை. நான் நாற்றங்கால், அது நிலம். நாற்றுப் பறித்த பிறகு அந்த எட்டு சென்ட்டையும் உழுது நடுவோம், உங்களுக்கே தெரியும். அதிலும் விளையும்.

குறுவைக்காரன்
ஜூன் 16, மாலை 6.25

சரிதான் சகோதரி. நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

வடிகால்
ஜூன் 18, இரவு 11.50

நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

கடைமடைத் தோழருக்கு, நான் உங்களுக்கு வடக்கே, கீழ்வெண்மணி பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். எங்கள் தாத்தா அந்தக் காலத்துக் கூலி விவசாயி. கூலி உயர்வு கேட்ட சங்கத்தில் இருந்தவர்.

எங்கள் பக்கம் ஒருவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி 'எந்தத் தெரு?' தெருவைச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இருக்காது. முகம் மாறும், அல்லது மாறாத மாதிரி வைத்துக்கொள்வார்கள். வேலை பார்க்கிற இடத்திலும் இதே கேள்வி சுற்றி வளைத்து வரும். குலதெய்வம் எது, கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்று. வடிகால் என்று பெயர் வைத்து ஏழு வருஷம் ஆகிறது. நெல் ரகம் பற்றி எழுதியிருக்கிறேன், கபடி பற்றி எழுதியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், தோற்றிருக்கிறேன். ஏழு வருஷத்தில் இங்கே யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நான் சொன்ன விஷயத்துக்குத்தான் பதில் வந்தது. அது எனக்கு என்ன என்று உங்களில் சிலருக்குப் புரியும்.

இந்தப் பெயரை நான் கோபத்தில் வைத்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுவது பாசன வாய்க்கால் இல்லை, வடிகால். ஊர் வயல் தண்ணீரெல்லாம் எங்கள் பக்கம் வடியும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊரில் முதலில் நனைவது எங்கள் வீட்டுத் தரை. அதை வைத்துத்தான் என்னைக் கூப்பிட வேண்டும் என்று வைத்தேன். வருஷம் போகப் போக வேறு ஒன்று சேர்ந்துவிட்டது. யாருக்கு மனசு நிறைந்துபோனாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கஜா புயல் அடித்த வாரம், 2018 நவம்பர், நான் திருப்பூரில் இருந்தேன். ஊருக்கு லைன் கிடைக்காதவர்களெல்லாம் என்னிடம் பேசினார்கள். தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துபோன பேராவூரணிக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், இங்கே என் பெயரைப் பார்த்துத்தான் பேச நினைத்தேன் என்றார். இரண்டு மணி நேரம் அழுதார்.

வடிகால் தூர்ந்துபோனால் பயிர் அழுகும். மேல் வயலில் வடிந்த தண்ணீரை மறித்துத்தான் கீழே உள்ளவன் பாய்ச்சுவான். இதெல்லாம் சின்ன வயசிலேயே தெரியும். பெயராக வைத்த பிறகுதான் அதை யோசித்தேன்.

தோழர், ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பதிவில் அப்பா வருகிறார், நிலம் வருகிறது, தண்ணீர் மேட்டூரிலிருந்து ஒவ்வொரு இடமாக வருகிறது. மடையைத் திறந்தவர் வரவில்லை. ராத்திரி மண்வெட்டியோடு போய் உங்கள் மடையில் காத்துக் கிடந்தவர் யார்? உங்கள் அப்பாதான் என்றால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தாத்தா அப்படிக் காத்துக் கிடந்தவர். அவர் காத்த மடை அவருடையது இல்லை. அதனால் கேட்கிறேன்.

கடைமடை
ஜூன் 19, காலை 7.05

தோழர், அப்பா இல்லை. அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போய்ப் பார்ப்பார். இரவெல்லாம் மடையில் இருந்தவர் வேறொருவர். அவர் முகம் நினைவிருக்கிறது, பீடி வாசனை நினைவிருக்கிறது. பெயர் நினைவில் இல்லை. அம்மாவைக் கேட்டு எழுதுகிறேன்.

கடைமடை
ஜூன் 24, இரவு 8.30

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போய்விட்டேன். போனில் கேட்க முடியவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. நான் இப்படி ஒரு பெயரில் எழுதுவதே அவருக்கு இதுவரை தெரியாது. சொன்னேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அந்தப் பேரையா வெச்சே?" என்றார்.

அம்மா பிறந்தது திருக்காட்டுப்பள்ளி பக்கம், தலைமடை. கல்லணையில் திறந்தால் மறுநாள் அவர் வீட்டு வாய்க்காலில் தண்ணீர். தண்ணீருக்குக் காத்திருப்பது என்ற ஒன்றையே அவர் அறிந்ததில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் ஆடிப்பெருக்கன்று எங்கள் ஆற்றில் ஒரு சொட்டு இல்லை. புதுப்பெண், தாலி மாற்றிக் கட்டும் நாள். கிணற்றடியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்து, ஒரு குடம் தண்ணீரை ஆறாக நினைத்துக் கும்பிடச் சொன்னார்களாம். அம்மா அழுதிருக்கிறார். "எங்க ஊர்ல தண்ணி வந்து மாசமாச்சே" என்று சொன்னதற்குப் பாட்டி, "இது கடைமடை. இங்க வந்தாத்தான் வந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். கடைமடை என்ற சொல்லை அம்மா முதல்முறை கேட்டது அன்றைக்கு. பிறகு அவர் அண்ணன் தங்கைகள் வரும்போதெல்லாம், கடைமடையில் பொண்ணைக் கொடுத்துட்டோமே என்பார்களாம். நான் அப்பாவின் சொல் என்று எடுத்தேன். அது அம்மாவுக்கு ஐம்பது வருஷமாக உறுத்திய சொல்.

மடை பார்த்தவரைப் பற்றிக் கேட்டேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கடைமடைன்னு பேரு வெச்சியே, மடை திறந்தவர் பேரு தெரியாதா உனக்கு?" என்றார். பெயரைச் சொன்னார். அந்த முதல் வருஷம் ஆடி கடைசியில், நடுராத்திரி, தெருவிலிருந்து ஒரு குரல்: "சின்னம்மா, தண்ணி வந்துருச்சு." பாட்டியைக் கூப்பிடாமல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். புதுப்பெண் கிணற்றடியில் அழுததை அவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும், அவர் இருந்தவரை, அம்மாவிடம்தான் முதலில் சொல்வாராம். "உள்ள வந்து சொல்ல மாட்டார். நாங்க வரவிட்டதில்ல" என்று அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறார், நம்பர் அம்மாவிடம் இருந்தது. பேசினேன். யார் என்று சொன்னதும் நன்றாகவே பேசினார். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம்ணே. அப்பா பேரை என்னைக்காவது நாங்களே எழுதிக்கிறோம்" என்றார். அதனால் இங்கே போடவில்லை.

வடிகால் தோழர், நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரியாமலே அம்மாவோடு போயிருக்கும்.

வடிகால்
ஜூன் 24, இரவு 11.15

படித்தேன் தோழர். அந்த மகன் சொன்னது சரி. அம்மாவுக்கு என் வணக்கம்.

நாற்றங்கால்
ஜூன் 25, காலை 9.00

பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறீர்களா அண்ணா?

கடைமடை
ஜூன் 25, காலை 9.40

அம்மாவிடமே கேட்டேன். "இருக்கட்டும். இனிமே அதைக் கேட்டா எனக்கு உன் ஞாபகமும் வரும்" என்றார். மகளிடமும் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் கும்பிட்ட குடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாம்.

அரசலாறு
ஜூன் 25, மதியம் 1.10

அந்தக் குடத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள் தம்பி.

கடைமடை
ஜூலை 2, காலை 5.30

அம்மா இப்போதுதான் போன் செய்தார். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நுங்கும் நுரையுமாக, சருகு தள்ளிக்கொண்டு வந்ததாம். கரையில் நின்றுகொண்டேதான் பேசினார், பின்னால் சத்தம் கேட்டது. "உன் ஆளுங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

வடிகால்
ஜூலை 2, காலை 6.10

சந்தோஷம் தோழர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.